கசடு ஜோசியரும் என் கம்பி நாரும்

ஜாதகம் பார்க்காமல், கைரேகை பார்க்காமல், காருக்கு அடியில் சேர்ந்த அழுக்கை மட்டும் பார்த்து ஒரு மனிதனின் குணத்தைச் சொல்லக்கூடிய ஆள் மதுரை மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஷெட் வைத்திருக்கிறார். ஒத்தக்கடையில் யாரைக் கேட்டாலும், "கசடு ஜோசியர் ஷெட்டா? நேரா போயி லெப்டுல திரும்புங்க" என்பார்கள். அவருடைய சொந்தப் பெயர், பதினோரு வருஷமாக அடுத்த வீட்டில் இருக்கும் எனக்கே தெரியாது. கேட்டதில்லை. நான் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. காய்கறி வண்டி வந்தால்கூடக் கதவுக்குப் பின்னால் நின்று விரலைக் காட்டித்தான் வாங்குவேன்.

கிளட்ச் இல்லாமல் கியர் தானாகவே மாறுமே, ஆட்டோமேட்டிக் கார், அதை மட்டும்தான் அவர் தொடுவார். வேறு வண்டி வந்தால், "அதுக்கு அங்கிட்டு ஆளு இருக்கு" என்று கையைக் காட்டிவிடுவார். வேலை செய்யும்போது வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. காருக்கு அடியில் கோரைப்பாயை விரித்துப் படுத்து உள்ளே போவார். வெளியே வரும்போது சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. டீக்கடைக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"எப்புடிண்ணே, கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வர்ற மாதிரி வர்றீக?"

"அழுக்கு மேல பட்டுச்சுன்னா, அவன் அழுக்க ஒழுங்காப் பாக்கலன்னு அர்த்தம் மாப்ள."

அந்தக் காருக்கு அடியில் கியர் ஆயில் தேங்க ஒரு தகரத் தட்டு இருக்கிறது. நம்ம வீட்டுத் தாம்பாளம் மாதிரிதான், கொஞ்சம் ஆழம். அதற்குள் பெரிய பொத்தான் அளவில் இரண்டு காந்தம் உட்கார்ந்திருக்கும். கியர் தேய்ந்து விழுகிற இரும்புத் தூளையெல்லாம் அது பிடித்து வைத்துக்கொள்ளும். காந்தத்தில் திருநீறு குழைத்த மாதிரிச் சாம்பல் நிறத்தில் மாவு இருந்தால் பயமில்லை, வயசானதற்கு அடையாளம். டீத்தூள் மாதிரிக் கறுப்பாகக் கிடந்தால் உள்ளே எரிந்திருக்கிறது. பளபளவென்று இரும்புச் சில்லு தெரிந்தால் கியர் பல் போயிற்று, பெட்டி முடிந்தது. இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. சுவர் வழியாகப் பதினோரு வருஷம் கேட்டது.

தட்டை இறக்கினதும் அவர் உள்ளே பார்க்க மாட்டார். மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடிவிடுவார். காரின் சொந்தக்காரரும் ஓட்டுகிறவரும் எதிரே வந்து நின்றால்தான் துணியை எடுப்பார். "முகத்த மூடி வச்ச பொண்ண மாப்பிள்ள வராம யாரும் பாக்கக் கூடாது" என்பார். அப்புறம் கசடைப் பீங்கான் தட்டில் வழித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பலன் சொல்ல ஆரம்பிப்பார்.

ஒருதரம் ஆனையூரிலிருந்து புருஷனும் பொண்டாட்டியுமாக வந்தார்கள். கசடைப் பார்த்ததும், "சார், வண்டி முன்னால உருண்டுக்கிட்டு இருக்கும்போதே ரிவர்ஸ் போடுற ஆளு நீங்க. நிக்கிற வரைக்கும் பொறுமை இல்ல" என்றார்.

அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "வீட்டுலயும் அப்புடித்தான்ணே. வாயில சோறு இருக்கும்போதே மோர கேப்பாரு."

இன்னொருவருக்கு ஆயிலை மோந்து பார்த்துவிட்டு, "நல்லா வெந்திருக்கு. இது மலை ஏறுன வண்டி. அதுவும் ஏழு பேரு ஏறி" என்றார். அந்த மனிதர் முகம் சுண்டிவிட்டது. பக்கத்தில் நின்ற சம்சாரம் மெதுவாகத் திரும்பினார்.

"திருச்சியில மீட்டிங்னு சொன்னீக. திருச்சியில எங்கிட்டுங்க இம்புட்டுப் பெரிய மலை?"

அதிலிருந்து ஒத்தக்கடை ஆம்பளைகள் பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு அந்த ஷெட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் வேடிக்கை பார்க்க மட்டும் டீக்கடையே எழுந்து வந்துவிடும்.

அவருடைய மூக்கினால் எனக்கு ஒரு தொல்லை இருந்தது. ஆயிலை மோந்து பார்க்கிற நேரத்தில் அக்கம்பக்கத்தில் யாரும் தாளிக்கக் கூடாது. கடுகும் மிளகாய் வற்றலும் வெடிக்கிற வாசத்தில் கருகின ஆயில் எது, நல்ல ஆயில் எது என்று தெரியாமல் போய்விடுமாம். சுவருக்கு மேலே குரல் வரும்: "யக்கா, தாளிச்சிராதீக! மோந்து பாக்கப் போறேன்!" நான் அடுப்பை அணைத்துவிட்டு நிற்பேன். கொஞ்சம் கழித்து, "ஆச்சுக்கா, தாளிங்க!" என்பார். பதில் சொல்ல மாட்டேன். கடுகு வெடிக்கிற சத்தம்தான் என் பதில். பதினோரு வருஷம் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போது என் மகள் தேவியின் கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. தேவிக்குச் சின்ன வயசுக் காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் ஆட்டோமேட்டிக் கார், பழையது, தேடித் தேடி வாங்கினாள். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வயசானவர்கள் என்று சவாரி. ஜவுளிக்கடையில் பத்து வருஷம் அந்தக் காலோடு நின்று வேலை பார்த்தவள், காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் சிரித்துப் பேசவே ஆரம்பித்தாள். அந்தக் கார் இப்போது கிளம்பும்போது ஒரு நிமிஷம் யோசித்தது, பிறகு தூக்கிப் போட்டது. டவுனில் ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில், வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "கியர்பாக்ஸ் போச்சு, மொத்தமா மாத்தணும்" என்றார்கள். அதற்கு ஆகிற செலவுக்குக் காரையே விற்றுவிடலாம். விற்றால் மறுபடியும் ஜவுளிக்கடையில் நிற்க வேண்டியதுதான்.

கசடு ஜோசியர், "திறக்காம யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா. நாளைக்குக் கொண்டா" என்றார்.

மறுநாள் தட்டை இறக்கி, ஆயிலை வடித்து, துணியால் மூடி, எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான குட்டைச் சுவர் மேல் வைத்தார். தேவி பிள்ளைகளை வேறொரு ஆட்டோவில் ஏற்றிவிடப் போயிருந்தாள். அவள் வந்ததும் பார்க்கலாம் என்று அவர் சாப்பிடப் போனார்.

நான் சுவரோரம் துணி காயப்போட வந்தவள், மூடியிருந்த துணியை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். என் மகள் காரின் தட்டு, அவ்வளவு அழுக்கு! நமக்காக ஒரு மனிதர் கவனித்துச் செய்கிறார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை நன்றி சொல்ல நமக்கு வராது, கையாலாவது சொல்லுவோம் என்று தோன்றியது. எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து, அதில் கசடை வழித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். எலுமிச்சைச் சோப்பும் கம்பி நாரும் போட்டு, பித்தளைக் குடம் தேய்க்கிற மாதிரி தேய்த்தேன். காந்தம் இரண்டையும் விடவில்லை. தட்டில் முகம் தெரிந்தது. வெயிலில் காயவைத்து, மூடின துணியையும் துவைத்து உலர்த்தி, பழையபடி மூடி, சுவர் மேலேயே வைத்துவிட்டு வந்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

தேவி வந்தாள். டீக்கடைக் கூட்டமும் வந்தது. ஜோசியர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு, துணியை மெல்ல எடுத்தார்.

தட்டில் அவர் முகமே தெரிந்தது.

பிறகு குனிந்து மோந்து பார்த்தார். "எலுமிச்சம்பழ வாசம் வருது" என்றார், ஏதோ செத்த வீட்டில் பேசுகிறவர் மாதிரி. "இருபத்தஞ்சு வருஷத்துல எலுமிச்சம்பழம் மணக்குற கியர்பாக்ஸ நான் பாத்ததில்ல. யாருய்யா கழுவுனது? சாட்சியக் கழுவிப்புட்டீகளேய்யா!"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் எங்கள் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் இன்னும் ஒதுங்கி நின்றேன்.

"தட்டக் கழுவலாம். காந்தம் பொய் சொல்லாது" என்று காந்தத்தை வெளிச்சத்தில் பிடித்தார். நூல் நூலாக, பளபளவென்று இரும்புச் சுருள். கோபத்தில் இருந்தவர் இரண்டாம் முறை பார்க்கவில்லை. குரல் இறங்கிவிட்டது. "தேவி... பல்லு போயிருச்சும்மா. பெட்டி முடிஞ்சு போச்சு."

தேவி ஸ்டூலில் உட்கார்ந்தாள். இடது காலைக் கையால் தூக்கி நேராக வைத்துக்கொண்டாள். "சரிண்ணே. வித்துருவோம்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் உள்ளேயே நின்றிருப்பேனோ என்னவோ.

கம்பி நாரை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி ஷெட்டுக்குள் போனேன். பதினோரு வருஷத்தில் அந்த வாசலை மிதித்தது அன்றைக்குத்தான். இருபது கண்ணும் என் மேல். நாரை நீட்டினேன்.

"அது பல்லு இல்ல" என்றேன். "என் நாரு."

"யக்கா பேசுது!" என்றார் டீக்கடைக்காரர்.

ஜோசியர் என்னைப் பார்த்தார், நாரைப் பார்த்தார், காந்தத்தை நாருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். நார் என் கையிலிருந்து தாவிப் போய் அதில் ஒட்டிக்கொண்டது. கூட்டம் சிரித்த சிரிப்பில் டீக்கடை அடுப்பில் பால் பொங்கியது யாருக்கும் தெரியவில்லை. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"யக்கா, தேய்க்கிறதுக்கு முன்னாடி கசட என்ன செஞ்சீக?"

"காலண்டர் தாள்ல வழிச்சு... குப்பையில. வாழைக்குப் பக்கத்துல."

வெள்ளை வேட்டியைப் பற்றிக் கொஞ்சமும் யோசிக்காமல் என் வீட்டு வாழைக்கு அடியில் மண்டியிட்டார். முந்தின நாள் வெட்டின வாழைப்பட்டை, முருங்கைச் சக்கை, அவரைக்காய் நார் எல்லாவற்றையும் கையால் விலக்கி, அந்தத் தாளை எடுத்தார். ஷெட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார். கண்ணை மூடினார்.

"மாவு. சுத்தமான மாவு. ஒரு சில்லு இல்ல. பல்லு அம்புட்டும் கெட்டியா இருக்கு."

தாளின் மூலையில் ரப்பர் நூல் மாதிரி என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் குச்சியால் தூக்கிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இந்தா இருக்கான் திருடன்! இது கம்மு. முன்னால எவனோ தட்ட ஒட்டும்போது அப்பித் தள்ளியிருக்கான். அது பிஞ்சு போயி ஆயில் சல்லடைய அடைச்சிருச்சு. ஆயில் போகலன்னா வண்டி யோசிக்கத்தானே செய்யும்?"

சல்லடையைக் கழற்றினார். கம்மு நூல் அடைத்துக் கிடந்தது.

டீக்கடைக்காரர் அந்தக் காலண்டர் தாளை எட்டிப் பார்த்தார். "தேவிக்குக் கன்னி ராசிதானே? இன்னைக்குப் பலன் 'கவலை'ன்னு போட்டிருக்கே ஜோசியரே!"

"அவனும் திறந்து பாக்காமச் சொன்னவன்தான்" என்றார்.

பிறகு என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து, தட்டை மறுபடியும் கழுவிக் காட்டினார். மண்ணெண்ணெய், மயிர்ப் பிரஷ், காற்றுக் குழாய். நார் கூடாது, துணி கூடாது, ஒரு நூல் உள்ளே போனாலும் அடைத்துக்கொள்ளும். என் நார்த் துணுக்கை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. திட்டுவார் திட்டுவார் என்று நின்றேன். கடைசியில், "ஆனா ஒண்ணுக்கா, எங்க ஆளுக எவனும் இம்புட்டுச் சுத்தமாத் தேய்க்க மாட்டான்" என்றார்.

புதுச் சல்லடை, புது ஆயில். சாயங்காலம் தேவி மேலூர் ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். வண்டி யோசிக்கவே இல்லை. யானைமலைப் பக்கம் திரும்பும்போது பாட்டுப் போட்டாளாம்.

அந்த வேட்டியில் ஏறின வாழைக்கறை போகவில்லை. வாழைக்கறை எங்கே போகும்? அதையும் அவர் ஒதுக்கிவைக்கவில்லை, முறை வரும்போது உடுத்துகிறார். யாராவது கேட்டால், "இது நான் ஒருக்காப் பாத்துட்டு, ரெண்டாந்தரம் பாக்காம வாயத் தொறந்த நாளு" என்பார். தட்டு இறக்குகிற நாளில் இப்போது சுவருக்கு மேலே ஒரு வரி கூடுதலாக வரும்: "யக்கா, தாளிச்சிராதீக! நாரையும் உள்ள வச்சுப் பூட்டிருங்க!"

"சரி தம்பி" என்கிறேன். ஆமாம், வாயைத் திறந்தே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட் பூட்டியிருக்கும். அன்றைக்கும் கடுகைக் கையில் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் கொஞ்சம் காது கொடுத்துவிட்டுத்தான் சட்டியில் போடுகிறேன்.