மணி வாங்கப் போனவர்

கடைக்குப் போய் ஒரு பொருளைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுகிற சாதாரண மனிதர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வாங்குகிறார்கள், பயன்படுத்துகிறார்கள், மறந்துவிடுகிறார்கள். நீங்கள் இங்கே சந்திக்கப்போவது வேறோர் இனம். 'இன்னும் கொஞ்சம் பார்த்துட்டு வாங்கலாம்' இனம். இவர்கள் குடையைத் தேர்ந்தெடுப்பதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும்; மின்விசிறியைத் தேர்ந்தெடுப்பதற்குள் குளிர் வந்து கம்பளியைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கிவிடும். நனைந்தார்கள், வியர்த்தார்கள், நடுங்கினார்கள். ஆனால் ஏமாந்தார்களா? ஒருநாளும் இல்லை.

இந்த இனத்தின் மாசு மருவற்ற மாதிரி ஒருவர் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறார். குழாய்த் தண்ணீரைச் சின்னச் சின்னப் புட்டிகளில் பிடித்துவந்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை சோதித்து, சராசரி எடுத்து, பக்கத்தில் சுத்தமான தண்ணீர்ப் புட்டி ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போடுவார். தண்ணீர் விஷயத்தில் இது தங்கமான குணம். ஊரே அவரை நம்பித்தான் தம்ளரைத் தூக்குகிறது. சங்கடம் என்னவென்றால், சாயங்காலம் கூடத்தைப் பூட்டும்போது அந்தக் குணத்தையும் உள்ளே வைத்துப் பூட்ட முடிவதில்லை.

வேலைக்குச் சைக்கிளில் போவார். கால்வாய்க்கரையை ஒட்டி ஒரு பாதை. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் பொது. அப்படியென்றால் என்ன? காலையில் மூன்று பேர் தோளோடு தோள் உரசி முழு அகலத்துக்கும் நடப்பார்கள், நாய் ஒரு பக்கமும் நாய்க்காரர் மறுபக்கமும் நிற்க நடுவே கயிறு இழுபடும், காதில் பாட்டை மாட்டிக்கொண்ட ஒருவர் ஓடுவார். மணி இல்லாமல் அங்கே சைக்கிள் விட முடியாது.

அவருடைய சைக்கிளில் மணி இருக்கத்தான் செய்தது. வாங்கிய முதல் வாரம் அதை அடித்தபோது முன்னால் போன ஓர் அம்மாள் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அன்று மாலையே ஸ்குரூ டிரைவரால் அதைக் கழற்றி மேசை டிராயருக்குள் போட்டார். "இது மணியில்ல, மிரட்டல்" என்றார். பொதுப்பாதைக்கு ஏற்ற மணி தூரத்திலேயே கேட்க வேண்டும், ஆனால் திடுக்கிட வைக்கக் கூடாது. கண்டிப்பாக இருக்க வேண்டும், ஆனால் அதிகாரம் தொனிக்கக் கூடாது. அப்படியொரு மணி கிடைக்கிறவரை? இருமிக்கொண்டு போனார்.

ஏழு மாதம் இருமினார். ஒற்றை இருமல் என்றால் 'பின்னால் வருகிறேன்'. இரட்டை என்றால் 'வலப்பக்கமாகப் போகிறேன்'. நீளமாகத் தொண்டையைச் செருமினால் 'தயவுசெய்து நாயைப் பிடியுங்கள்'. பாதையில் இவருக்கு இருமல்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நடக்கவந்த ஒரு டாக்டர் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளச் சொன்னார். நாய்க்காரர் இரண்டு அடி ஒதுங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார். வழி கிடைத்ததா இல்லையா?

மனைவிக்கு மட்டும் இது சரிப்படவில்லை. தையல்கடை வைத்திருப்பவர் அவர். சாக்கட்டியால் ஒரு கோடு, கத்தரியால் ஒரே ஓட்டம், துணி இரண்டு. ஏழு மாதம் எதையும் யோசித்துப் பழக்கமில்லாதவர்.

"அப்பா தினமும் அந்தப் பாதையிலதான் நடக்கிறார். அவருக்குக் காது சரியாக் கேக்காது. ஏதோ ஒரு மணிய வாங்கி மாட்டுங்க" என்றார்.

"ஏதோ ஒரு மணியா? உங்க அப்பாவுக்காகத்தான் நான் இவ்வளவு பாக்கறேன்."

அது பொய்யுமல்ல. முப்பது வருஷம் பஸ் ஓட்டி, செவித்திறனில் பாதியை எஞ்சின் பக்கத்திலேயே விட்டுவிட்டு ஓய்வுபெற்ற அந்த மாமனார்மீது அவருக்கு நிஜமாகவே பாசம் உண்டு. ஒரே வீட்டில் ஒன்பது வருஷமாக இருக்கிறார்கள். ஒரு மனஸ்தாபம் கிடையாது.

சைக்கிள் கடைக்காரர், இவர் ஐந்தாவது தடவை வந்தபோது உட்கார ஸ்டூல் போட்டார். எட்டாவது தடவை டீ சொல்வதை நிறுத்தினார்.

"சார், மணின்னா அடிச்சாக் கேக்கணும். அவ்வளவுதான்."

"எப்படிக் கேக்கணுங்கறதுலதான் விஷயமே இருக்கு" என்று இவர் புன்னகை செய்தார். கடைசியில் கடைக்காரர் மூன்று மணிகளைக் கையில் கொடுத்து, "வீட்டுல வெச்சுப் பாத்துட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார். ஒன்று பித்தளைக் கிண்ணம், ஒன்று கட்டைவிரலால் தட்டுவது, ஒன்று பேட்டரியில் பாடுவது. மூன்றையும் ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனித் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில் பரிசோதனை நடந்தது. மாமனாரைக் கண்ணாடி அலமாரியைப் பார்த்தபடி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பத்தடி பின்னால் மருமகன், கையில் நோட்டுப் புத்தகம். "சத்தம் கேட்டதும் கையத் தூக்குங்க மாமா, திரும்பிப் பாக்காதீங்க." ஒவ்வொரு மணியும் மூன்று தடவை. பிறகு இருபதடியில் மூன்று தடவை. பிறகு வாசற்படியிலிருந்து மூன்று தடவை. எந்தப் பரிசோதனைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெறும் மாதிரி வேண்டுமல்லவா? அதற்காகத் தம்முடைய இருமலையும் சேர்த்துக்கொண்டார். ஆக மொத்தம் முப்பத்தாறு. மாமனார் முப்பத்தாறு தடவையும் தவறாமல் கையைத் தூக்கினார்.

முடிவு மருமகனையே அசத்திவிட்டது. வாசற்படியிலிருந்து இருமினால்கூட மாமாவுக்குக் கேட்கிறது. "பாத்தியா? உங்க அப்பா காதுக்கு ஒரு குறையும் இல்ல. மணிக்கு அவசரமே இல்ல" என்று மனைவியிடம் நோட்டைக் காட்டினார். மனைவி நோட்டைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். அப்பா அவசரமாக எழுந்து குளியலறைக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை, மூன்று மணிகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு மூன்று கேட்கலாம் என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பாலத்தடி வளைவைத் தாண்டினால் முன்னால் மாமனாரின் முதுகு. பாதையின் நட்டநடுவில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. பார்த்ததும் மனதுக்கு இதமாக இருந்தது. இருபதடியில் ஒரு முறை இருமினார். முதுகு ஒதுங்கவில்லை. பிரேக்கைப் பிடித்திருக்கலாம்தான். ஆனால் முப்பத்தாறுக்கு முப்பத்தாறு என்று தம் கையாலேயே எழுதியவர் எதற்காகப் பிரேக்கைப் பிடிக்க வேண்டும்? இன்னொரு முறை இருமினார். பிறகு, சராசரிக்காக, மூன்றாவது முறை.

இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். விழுந்த வேகத்தில் பைக்குள் இருந்த மூன்று மணிகளும் துணிகளைத் தாண்டித் தெளிவாக ஒலித்தன.

மாமனாரின் இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மருமகனுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வயதான மனிதரைத் தள்ளிவிட்டோமே என்று தமக்குத் தாமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. மனைவி கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே ஓடிவந்தார்.

"மணி அடிச்சீங்களா?"

"இருமினேன்."

"எத்தனை தடவை?"

"மூணு."

மனைவி அப்பா பக்கம் திரும்பினார். மாவுக்கட்டோடு படுத்திருந்த மாமனார் முந்திக்கொண்டார். "அவரத் திட்டாதம்மா. தப்பு என்னோடதுதான். ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு சத்தமும் கேக்கல."

"கையத் தூக்கினீங்களே மாமா?"

"அலமாரிக் கண்ணாடியில உங்க கட்டைவிரல் தெரிஞ்சுது மாப்பிள்ளை. விரல் அசைஞ்சாத் தூக்கினேன், தோள் குலுங்கினாலும் தூக்கினேன். முப்பது வருஷம் பின்னால வர்றவனக் கண்ணாடியிலதானே பாத்தேன்? ஒண்ணு தப்பினா நீங்க மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிப்பீங்கன்னு பயம். அன்னைக்கு மத்தியானச் சாப்பாடே ரெண்டரை மணிக்குத்தான்."

மனைவி பைக்குள் கையை விட்டார். முதலில் அகப்பட்ட மணியை எடுத்துக் கணவர் முன்னால் நீட்டினார். "இன்னைக்கே மாட்டுங்க."

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? வாங்கி மாட்டியிருப்பீர்கள். நல்லது. நம் ஆள் மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாட்டறேன். இல்லைன்னு சொல்லல. பாலத்தடியில எதிரொலி வருமே, அங்க இது எப்படிக் கேக்குதுன்னு ஒரே ஒரு வாரம் மட்டும்..."

மனைவி மணியை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். கோபப்படவில்லை. வீட்டுக்கு வந்ததும் தையல் மெஷின் டிராயரிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து, ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு வாங்கிய கைத்தடியின் பிடிக்குக் கீழே அந்த மணியை இறுக்கி முடுக்கினார்.

"இவர் மாட்டமாட்டார்ப்பா. நீங்க அடிங்க."

இப்போது கால்வாய்க்கரைக்குப் போனால் பார்க்கலாம். மாமனார் தடியை ஊன்றி நடக்கிறார். பின்னால் யார் வருகிறார்கள் என்று காதுக்குத் தெரியாததால், பத்து எட்டுக்கு ஒரு தரம் மணியை அடிக்கிறார். பஸ் ஓட்டிய விரல், அனாவசியமாக அடிக்காது, அடித்தால் தயங்காது. நாய்க்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொள்கிறார். தோளோடு தோள் நடக்கிற மூவர் ஒருவர்பின் ஒருவராகிறார்கள். மணி இல்லாத ஒரு சைக்கிள் மட்டும் பின்னால் வந்து, அந்தச் சத்தத்துக்குக் கட்டுப்பட்டு, காலை ஊன்றி நின்று, கிழவர் போகும்வரை காத்திருக்கிறது. அதன்மேல் இருப்பவரின் முகத்தில் நிஜமான வெட்கம் தெரிகிறது. அந்த வெட்கத்தோடேயே சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுக்கிறார். வளைவில் நன்றாகக் கேட்கிறது. கடைசியில் ஒலி கொஞ்சம் கீச்சிடுகிறதோ? இன்னும் இரண்டு நாள் கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் மனைவி பைக்குள் கையை விட்டு எடுத்தது பித்தளையா, தட்டுமணியா, பேட்டரியா என்று நான் சொல்லவில்லையே, அதைச் சொல்லியிருந்தால் நமக்கும் உபயோகமாக இருந்திருக்குமே என்று உங்களுக்கு இந்த நிமிஷம் ஒரு குறை தோன்றுகிறதா? தோன்றினால் லேசாக ஒருமுறை இருமிப் பாருங்கள். நன்றாகவே பழகியிருக்கும்.