கல்லு வளர்த்த கை

"இஞ்சேரப்பா, ஓடிவா! கல்லு வெளிறுது!"

வீரபாகு போட்ட சத்தத்தில் குசினிக்குள் நின்ற பத்மாசனி அகப்பையும் கையுமாக ஓடி வந்தார். முன்னறை மேசையில் கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் கடல் தண்ணீர், இரண்டு மீன், ஐந்தாறு முருகைக்கல் என்ற பவளக்கல். கண்ணாடியில் மூக்கு நசுங்க அவருடைய புருசன்.

"கல்லு வெளிறினதுக்கோ இந்தக் கத்துக் கத்தினனீங்கள்? நான் பாம்பெண்டெல்லோ நினைச்சன்."

"இது வெறும் கல்லில்லையப்பா, உயிருள்ள சாமான். நேற்று நல்ல ஊதா. இண்டைக்குப் பார், அவிச்ச கிழங்கு மாதிரிக் கிடக்கு."

"கல்லை வளர்க்கிற ஆளை இப்பதான் பாக்கிறன்" என்றபடி பத்மாசனி அடுப்படிக்குத் திரும்பினார். வீரபாகு கண்ணாடியை விட்டு அசையவில்லை. தொட்டி மருமகன் நிரோஜனுடையது. அதைவிட, கைராசி வீரபாகுவுடையது.

உருத்திரபுரத்தில் வீரபாகுவின் கைராசியை அறியாதவர் இல்லை. முருங்கைத் தடியை வெட்டி வேலியோரம் எறிந்தாலே தளிர்க்கும் என்பார்கள். வீரபாகு குழி வெட்டி, எருப் போட்டு, நேரத்துக்கு நேரம் தண்ணீர் ஊற்றி நட்ட தடி பட்டுப்போனது. தென்னம்பிள்ளை வைத்தார், வண்டு வந்தது. கோழி வளர்த்தார், கீரி வந்தது. கிளி வளர்த்தார், அது மட்டும் கெட்டிக்காரத்தனமாகக் கூட்டைத் திறந்துகொண்டு ஓடித் தப்பியது.

அதனால் ஐப்பசி விதைப்பில் முதற்பிடி நெல்லை எறிவது எப்போதும் பத்மாசனிதான். உழுவது வீரபாகு, வரம்பு கட்டுவது அவர், காவலுக்குக் கிடந்து நுளம்புக் கடி வாங்குவதும் அவர். முதற்பிடி நேரம் மட்டும், "கொஞ்சம் அங்கால நில்லுங்கோ, நிழல் விழப்போகுது" என்பார் பத்மாசனி. சொந்த வயலில், கூப்பிடாத கலியாணத்துக்கு வந்தவர் போல அவர் வரம்பில் தள்ளி நிற்பார். வெளியே சிரிப்பார். உள்ளே பற்றி எரியும்.

இப்படிப்பட்டவரிடம்தான் மகள் மேனுகாவும் மருமகனும் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். நிரோஜனுக்குக் கொழும்பில் வங்கிப் பயிற்சி, மேனுகாவும் கூடப் போகிறாள். நிரோஜனின் தாய் விமலேஸ்வரி பளையில் இருக்கிறார். அவர் துப்பிய மாங்கொட்டையும் காய்க்கும். "என்னட்ட விடு மோனை, நான் பாக்கிறன்" என்று அவர் மன்றாடியும் நிரோஜன் கேட்கவில்லை.

"இல்லையம்மா. இதை மாமாட்டத்தான் விடவேணும்."

மேனுகாவும் கையைப் பிடித்துச் சொன்னாள்: "அப்பா, உங்களைத்தான் நம்பியிருக்கிறம்."

வீரபாகு அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். உயிருள்ள ஒன்றை அவரை நம்பி யாரும் விட்டதில்லை. அதுவும் என்ன லேசுப்பட்ட சாமானா? நோர்வேயில் இருக்கும் நிரோஜனின் பெரியப்பா பரமேஸ்வரன், அவர்களின் புதுவீட்டுக் குடிபூரலுக்கு வாங்கிக் கொடுத்தது. கிழமைக்கு ஒருதரம் வீடியோவில் வந்து ஒவ்வொரு கல்லாக நலம் விசாரிப்பார். அதற்காகவே நிரோஜன் ஞாயிறு தவறாமல் முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போய்க் கலன் கலனாகத் தண்ணீர் சுமந்து வருவார். அவ்வளவு பக்தி!

தொட்டியின் மேல் எல்.ஈ.டி. விளக்கு. நீலத்துக்கு ஒரு குமிழ், வெள்ளைக்கு ஒரு குமிழ், சுற்றிவர நூறு வரை இலக்கம்.

"எத்தினையில வைக்கிறது தம்பி?"

"அது உங்கட கைப்பக்குவம் மாமா. உங்களுக்குத் தெரியாததே?"

அன்றே வீரபாகு பத்மாசனியிடம் சவால் விட்டிருந்தார்: "இந்தக் கல்லை நான் வாழ வச்சுக் காட்டினா, இந்த முறை முதற்பிடி நான்தான் எறிவன்."

"தாராளமா எறியுங்கோ" என்றார் பத்மாசனி, நட்டம் வராது என்று தெரிந்தவரின் நிம்மதியோடு.

ஆக, இப்போது கல்லு வெளிறிவிட்டது. வீரபாகு யோசித்தார். பயிர் வெளிறினால் ஒன்று யூரியா காணாது, இல்லாவிட்டால் வெயில் காணாது. யூரியாப் பையைப் பத்மாசனி முன்யோசனையாக ஒளித்து வைத்துவிட்டார். எனவே வெயில்தான். வெள்ளைக் குமிழை ஐம்பதுக்குத் திருகினார்.

மறுநாள் கல்லெல்லாம் தொட்டாற்சிணுங்கி போலச் சுருங்கிக் கிடந்தன. படம் எடுத்துக்கொண்டு கணபதியின் உரக்கடைக்கு ஓடினார். கணபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தான்.

"இது எந்த வயல் அண்ணை?"

"வயலில்லையடாப்பா, தொட்டி."

"அதுதானே பாத்தன், வரம்பெல்லாம் கண்ணாடியாக் கிடக்கு. சந்தேகமே இல்லை அண்ணை, வெளிச்சம் காணாது. முழுசாத் திறந்து விடுங்கோ."

நெல்லில் எந்த நோய்க்கும் தயங்காமல் ஒரு போத்தலை நீட்டும் கணபதி, கல்லிலும் தயங்கவில்லை. வீரபாகு இரண்டு குமிழையும் நூறுக்குக் கொண்டுபோனார். பொழுதுபட்டதும் யன்னலால் பாய்ந்த வெளிச்சம் றோட்டைத் தாண்டி வாய்க்கால் வரை போனது. சைக்கிளில் போன ஒருவர் படலையில் காலூன்றி, "அண்ணை, வொலிபோல் மட்ச் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

"போடா விசரா" என்றார் வீரபாகு. அவருக்கு இருந்த கடுப்புக்கு அது குறைவு.

இரண்டு நாள் கழித்து அவர் வீட்டைச் சுற்றிக் கூத்தாடினார். "பச்சை பிடிச்சிட்டுது! பச்சை பிடிச்சிட்டுது!"

தொட்டி முழுக்கப் பச்சை. வயலில் பச்சையைக் கண்டு சந்தோசப்பட்டே வயது போன மனிசன் வேறென்ன செய்வார்? அன்று மதியம் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். அடுத்த நாள் மீனையும் காணவில்லை, கல்லையும் காணவில்லை. பச்சை மட்டும் இருந்தது.

"பாசியப்பா இது!" என்றார் பத்மாசனி. "கிணத்துக்கட்டில பிடிச்சா வழுக்கி விழுவமே, அது. உதுக்கே ரெண்டு கோப்பை சோறு திண்டனீங்கள்?"

உரஞ்சிக் கழுவினார்கள். மீன் இரண்டும் தப்பியிருந்தன. கல்லெல்லாம் பல்லு மாதிரி வெள்ளை. வீரபாகு பதறிப்போய் விளக்கை ஒரேயடியாக நிற்பாட்டி, தொட்டியைச் சாக்கால் மூடிக் கட்டினார். மூன்றாம் நாள் சாக்கை அவிழ்த்தபோது வழுவழுவென்று கபில நிறத்தில் ஏதோ வழிந்தது. கெட்ட மணம் கூட வந்தது.

வீரபாகு கதிரையில் குந்திவிட்டார். கண்ணால் தண்ணீர் ஓடியது. முருங்கை பட்டபோது அழவில்லை, கிளி ஓடியபோது அழவில்லை. இது நம்பி விட்ட சாமான். மறைத்து என்ன பயன் என்று நிரோஜனுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. கல்லு ஒரு மாதிரிக் கிடக்கு."

"அப்பிடியோ மாமா!" நிரோஜனின் குரல் எழும்பித் தணிந்தது. "ஐயோ... சரி, பறவாயில்லை. மனசை விடாதேங்கோ."

"குமிழை எத்தினையில வைக்கிறதெண்டு சொன்னீங்களெண்டா..."

"நான் என்ன மாமா உங்களுக்குச் சொல்லுறது? நீங்கள் இவ்வளவு நாளும் செய்ததையே செய்துகொண்டிருங்கோ. எங்களுக்கு இஞ்ச இன்னும் ஒரு மாதம் பிந்தும் போல கிடக்கு. ஆறுதலா வாறம்."

போனை வைத்துவிட்டு வீரபாகு மூக்கைச் சிந்தினார். "கேட்டனியேப்பா? ஒரு சுடுசொல்லு இல்லை. எவ்வளவு தங்கமான பிள்ளை!"

பத்மாசனிக்கே மனிசனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அதைக் குடித்தபடி யன்னலால் பார்த்தவரின் கண்ணில் மிளகாய் நாற்று மேடை பட்டது. நாற்றுப் போட்டது பத்மாசனி. மேலே தென்னோலைக் கிடுகு போட்டு, வெயிலுக்குப் பழக நாளொரு கிடுகாகப் பிரிப்பது மட்டும் வீரபாகுவின் வேலை. ஒரேயடியாகப் பிரித்தால் கருகும். மூடியே வைத்தால் அழுகும்.

"அட கோதாரி!" என்று எழும்பினார்.

பத்மாசனியின் பொங்கல் சேலை யன்னலுக்குத் திரையானது. அவர் வாய் திறக்கமுதல் ஆணியும் அடித்தாயிற்று. நிரோஜன் விட்டுப்போன கலனில் மிச்சமிருந்த கடல் தண்ணீரை வீரபாகு மாற்றினார். வெள்ளைக் குமிழை அடியோடு இறக்கி, நீலத்தைக் கொஞ்சமாக வைத்தார். பிறகு காலமைக்குக் காலமை ஒரு நெல்லுமணி அளவு திருகினார். அதற்கு மேல் ஒரு மயிரிழையும் இல்லை. கை துருதுருத்தபோது கையை இடுப்புச் சாரத்துக்குள் செருகிக்கொண்டார். கணபதி கடைப் பக்கம் போகவேயில்லை.

ஒரு காலமை ஒரு கல்லின் நுனியில் மெல்லிய ஊதா தெரிந்தது. நாலு நாளில் குட்டிக் குட்டி விரல்கள் வெளியே வந்து தண்ணீரில் ஆடின.

"இஞ்சேரப்பா, ஓடிவா! கல்லு கை நீட்டுது!"

இந்த முறை பத்மாசனி அகப்பையைக் கீழே போட்டுவிட்டு வந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "வாற கிழமை விதைப்பு. முதற்பிடி நீங்கள்தான்" என்றார். வீரபாகு மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார்.

மேனுகாவும் நிரோஜனும் வந்து இறங்கிய அன்று தொட்டி ஊதாவும் பச்சையும் செம்மஞ்சளுமாகத் திருவிழாக் கோலத்தில் இருந்தது. வாசலில் பையோடு நின்ற நிரோஜன், நின்றபடியே நின்றார். அதற்குள் நோர்வேப் பெரியப்பா வீடியோவில் வந்துவிட்டார்.

"டேய் நிரோஜன்! உன்னட்ட இருந்ததை விட நல்லா இருக்குதடா! சம்பந்திக்கு என்னவொரு கை! பொறு, இதைப் போல மூண்டு மடங்கு பெரிய தொட்டி ஒண்டு ஒழுங்கு பண்ணுறன்!"

நிரோஜன் பையைப் போட்டுவிட்டுக் கதிரையில் சரிந்தார்.

"தம்பிக்குச் சந்தோசத்தில பேச்சு வரேல்லை" என்றார் வீரபாகு, நெஞ்சை நிமிர்த்தி. "என்ன பிள்ளை, அப்பா நம்பிக்கையைக் காப்பாத்திப்போட்டன்தானே?"

மேனுகா தொட்டியைப் பார்த்தாள். தலையில் கைவைத்திருந்த புருசனைப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

"முருங்கைத் தடியைக்கூட விட்டு வைக்காத கையெண்டு நம்பித்தானேயப்பா, மாமி கேட்கக் கேட்கக் குடுக்காமல் உங்களிட்டக் கொண்டுவந்து வச்சனாங்கள்!"