ஆடிக்கு அழைக்க வந்த சம்பந்தி

நாற்காலிக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் உண்டு என்று நம்புகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்கிறார். அவரும் பாளையங்கோட்டையில்தான் இருக்கிறார். மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய சாமான் கடை. ரேஷன் கார்டில் என்ன பெயரோ, எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் சம்பந்தி அண்ணாச்சி. அவருக்கு ஊரே சம்பந்தி.

கடைக்குள் போனால் மணியடிக்கும் கடிகாரங்கள், வால்வு ரேடியோக்கள், பித்தளைக் கூஜாக்கள், பெல்ஜியம் கண்ணாடி வைத்த அலமாரிகள் என்று தோளோடு தோள் உரசும். பலகையில் 'பழைய சாமான்கள் எடுக்கப்படும், கொடுக்கப்படும்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. விற்கப்படும் என்று ஏன் போடவில்லை என்று ஒரு தடவை கேட்டேன்.

"பிள்ளைய யாராவது விப்பாவளா வே?" என்றார்.

நான் அவரிடம் மாட்டிக்கொண்டது ஒரு மழை நாளில். ஒதுங்கத்தான் போனேன். உள்ளே ஒரு சுவர்க்கடிகாரம் மணி ஐந்தடித்தது. அடித்த விதம் பிடித்துப்போய் விலை கேட்டுவிட்டேன். அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கன இருக்கீரு?"

"பெருமாள்புரம்."

"சொந்த வீடா?"

"வாடகை."

"வீட்டுல எத்தன பேரு?"

"நானும் வீட்டுக்காரியும். கல்யாணம் ஆகி ஆறு மாசம்தான் ஆகுது."

"சண்ட வந்தா சாமானத் தூக்கி எறிவீயளா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னேன். "கரண்டி வரைக்கும் போயிருக்கு அண்ணாச்சி."

"சரி. ஞாயித்துக்கெழம வீடு பாக்க வாரோம்."

விலையை அவர் சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணாச்சி வந்தார். கூடவே அவருடைய ஆசாரியும் மெருகு போடுகிறவரும். ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு நாட்டுப்பழம். கதவைத் திறந்த என் மனைவி அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏங்க, யாருங்க இவிய? நம்ம வீட்டுல கல்யாணத்துக்கு யாரு இருக்கா?"

"கடிகாரம்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தப் பக்கம் போதாது. ஆனாலும் கேசரி கிண்டினாள். அண்ணாச்சி அதைச் சாப்பிட்டுவிட்டு வீடு முழுக்கச் சுவர் சுவராக உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இதுல ஈரம் ஏறுது, பிள்ளைக்கு ஆவாது. இதுல மேக்கு வெயிலு அடிக்கும்." கடைசியில் ஒரு சுவர் பிடித்துவிட்டது. அதில் எங்கள் கல்யாணப் போட்டோ தொங்கிக்கொண்டிருந்தது. போட்டோ இறங்கியது, கடிகாரம் ஏறியது. என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் மறுவீடு என்று சொல்லிக் கடிகாரத்தைத் திரும்ப அழைத்துக்கொண்டு போனார். எங்களையும் கூப்பிட்டார். கடைக்குப் பின்கட்டில் இலை போட்டு, கடிகாரத்துக்கு எண்ணெய், எங்களுக்குச் சொதி. தேங்காய்ப் பால் அப்படி ஒரு கெட்டி. என் மனைவியின் முகம் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிந்தது.

இதோடு விட்டிருந்தால் இவரைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆடி மாதம் பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைப்பது ஊரெல்லாம் நடப்பதுதான். எங்கள் அண்ணாச்சி குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக வந்து, தான் கொடுத்த அத்தனை சாமானையும் அழைத்துக்கொண்டு போய்விடுவார். கேட்டால், "ஆடிக்காத்துல மண்ணு உள்ள போயிரும் வே. நாங்க தொடச்சு, எண்ண போட்டு, ஆவணி பொறந்ததும் கொண்டாந்து விடுதோம்" என்பார். அந்த ஒரு மாதம் பாளையங்கோட்டையில் பாதி வீடுகளில் மணி தெரியாது, பல பெரிய மனிதர்கள் பாயில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் வருடம் முருகன்குறிச்சி டீச்சர் வீட்டில் சண்டை வந்தது. டீச்சர் ஓய்வு பெற்றவர், வீட்டு ஜெபத்துக்காக அவரிடம் கால் மிதி ஆர்மோனியம் ஒன்று வாங்கியிருந்தார். வாசலில் வண்டியைக் கண்டதும் தடுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, நாங்க வேதக்காரங்க. எங்களுக்கு ஆடி கெடையாது."

"ஒங்களுக்கு இல்லதான் டீச்சர். அதுக்கு உண்டே," என்றார் அண்ணாச்சி.

முப்பது வருடம் வகுப்பில் எல்லோர் வாயையும் அடைத்தவர் அன்று ஆர்மோனியத்தின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்து ஏற்றிவிட்டார்.

இப்போது ஒரு தையல் மிஷின் கதைக்கு வருகிறேன். வள்ளியூரில் ஒரு அம்மாள். உவரியில் பிறந்து வள்ளியூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை தைத்துக் கொடுத்தே வீட்டைத் தூக்கி நிறுத்தியவர். கண் மங்கிப்போனதும், கால் மிதி மிஷினை அண்ணாச்சியிடம் ஒப்படைத்தார். காசு பேசவில்லை. "ஓடுத வீட்டுல குடு. சும்மா நிக்க விட்டுராத. ஆடி மொத வெள்ளி நான் வந்து பாப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி அந்த மிஷினுக்கு ஏழெட்டு வீடு பார்த்து எல்லாவற்றையும் தட்டிக்கழித்துவிட்டார். கடைசியில் மகாராஜ நகரில் ஒரு பணக்காரர் வீடு அமைந்தது. மனைவிக்குத் தையல் என்றால் உயிர் என்று அவர் சொன்னாராம். ஜன்னல் ஓரம், இடது பக்கம் வெளிச்சம், மழைச் சாரல் படாத இடம். அண்ணாச்சி மனம் நிறைந்து கொடுத்துவிட்டு வந்தார்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் தாம்பாளம் இல்லை. வெறுங்கையோடு அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"பிள்ளைய ஏமாத்திக் கூட்டிட்டுப் போயிட்டானுவ வே. நேத்து அழைக்கப் போனேன். மிஷினு இங்க இல்ல, பாவநாசம் பக்கம் எங்க ரிசார்ட்டுக்குப் போயிட்டுங்கா அந்த வீட்டம்மா. தலையக் கழத்திப் போட்டுட்டு, கால வச்சு வாஷ்பேசின் பண்ணப் போறாவளாம். நான் வெளிச்சத்தப் பாத்தேன், ஆளப் பாக்காம விட்டுட்டேன்."

"அந்த அம்மா எப்ப வாராங்க?"

"நாலு மணி பஸ்ஸுல."

உள்ளேயிருந்து என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஒரு பொம்பள காலமெல்லாம் மிதிச்சதுல மூஞ்சி கழுவப் போறாவளா? வண்டிய வரச் சொல்லுங்க" என்றாள். செருப்பை முதலில் மாட்டியவள் அவள்தான்.

தனியாகப் போனால் சண்டை ஆகும், ஆள் அம்போடு போனால்தான் பேச்சுவார்த்தை நடக்கும் என்பது அண்ணாச்சியின் கணக்கு. பத்தரை மணிக்குள் சம்பந்திகள் திரண்டுவிட்டார்கள். ஒரு வேனில் பதினான்கு பேர். சம்பந்தி வீட்டுக்குச் சும்மா போகக் கூடாது என்று டீச்சர் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலையும் ஆப்பிளுமாக ஏறினார். சேரன்மகாதேவி தாண்டியதும் வயல்களிலிருந்து காற்று வேனுக்குள் அறைந்தது. அம்பாசமுத்திரத்தில் யாரும் காபிக்குக் கூட இறங்கவில்லை. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஆபீசுக்கு லீவு சொல்லாதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ரிசார்ட் வாசலில் பட்டுச் சேலைகளும் தாம்பாளமுமாக நாங்கள் இறங்கியதைப் பார்த்து மேனேஜர் ஓடி வந்தார். சென்னைப் பிள்ளை. எல்லோர் கையிலும் இளநீர் கொடுத்தார்.

"வாங்க சார். மண்டபம் பாக்க வந்தீங்களா? பொண்ணு வீடா, பையன் வீடா?"

"பொண்ணு வீடு," என்றார் அண்ணாச்சி.

"சந்தோஷம் சார். பொண்ணு வரலையா?"

"பொண்ணு இங்கனதான் இருக்கு. எந்த ரூம்புல வச்சிருக்கீயன்னு கேக்கத்தான் வந்தோம்."

மேனேஜரின் முகம் வெளுத்தது. "சார், ஆதார் பாக்காம நாங்க யாருக்கும் ரூம் தரதில்ல. யார் கூட சார் வந்தாங்க?"

"ஒங்க மொதலாளிதான் கூட்டிட்டு வந்தாரு. போன மாசம்."

மேனேஜர் பக்கத்திலிருந்த நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "பொண்ணுக்கு... வயசு என்ன சார்?"

"எழுவது இருக்கும்," என்றார் அண்ணாச்சி.

அந்தப் பிள்ளை மயங்கி விழுந்தால் பாவம் நம்மைச் சேரும் என்று நான் குறுக்கே புகுந்து, தையல் மிஷின் என்று சொன்னேன். அவர் விட்ட மூச்சில் ஆப்பிள் தாம்பாளத்து வெற்றிலை பறந்தது. உடனே முதலாளிக்குப் போன் போட்டுச் சத்தமாகக் கேட்கும்படி வைத்தார்.

"நான் காசு குடுத்து வாங்கின பொருள், என் இஷ்டம்," என்றது போன்.

அண்ணாச்சி குரலை உயர்த்தவில்லை. "நான் குடுத்தது வாழுததுக்கு. ஒமக்குக் காலுதான வேணும்? கடையில தலையில்லாமக் காலு மட்டும் நாலு கெடக்கு. இதவிடப் பழசு. நாலையும் தாரேன். இவள விட்டுரும்."

ஒன்றுக்கு நான்கு கிடைக்கிறதென்றதும் போன் சட்டென்று இளகிவிட்டது. ஆனால் அண்ணாச்சி அங்கேயும் அசையவில்லை. அந்த நான்கையும் எங்கே வைக்கப்போகிறார்கள் என்று பார்த்தாக வேண்டும் என்றார். மணி ஒன்றே கால். நாங்கள் பதிமூன்று பேரும் வெளியே கடிகாரத்தைப் பார்த்துத் துடித்துக்கொண்டிருக்க, அவர் நான்கு குளியலறைகளுக்குள்ளும் போய் மெதுவாகச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். மூன்று சரியாம். நான்காவதில் ஈரமாம்.

"அண்ணாச்சி, அது குளியலறை," என்றேன்.

"அதுக்காக?" என்றார்.

குடோன் சாவி யாரிடம் என்று மேனேஜர் இழுத்தபோது, டீச்சர் தன் பழைய வகுப்பறைக் குரலில் "எழுந்திரு. போய் எடுத்துட்டு வா" என்றார். அந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு போய் எடுத்து வந்தது. குடோனில் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே மிஷினின் தலை ஒருபுறம், கால் ஒருபுறம் கிடந்தது. அண்ணாச்சி தலையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். கதவில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி அவருடைய வெள்ளைச் சட்டையைத் தோளிலிருந்து கை வரைக்கும் கிழித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைக்கு வந்து சேர்ந்தபோது மூன்றரை. ஆசாரி திருகாணி பூட்ட, மெருகுக்காரர் துடைக்க, என் மனைவி எண்ணெய் விட, அண்ணாச்சி புதுத் தோல் வார் மாட்டினார். கடைசித் திருகாணி இறங்கவும் ஆட்டோவிலிருந்து அந்த அம்மாள் இறங்கவும் சரியாக இருந்தது.

அந்த அம்மாள் யாரையும் பார்க்கவில்லை. நேரே வந்து உட்கார்ந்து, சக்கரத்தில் கையை வைத்து, மிதித்தார். மிஷின் ஓடியது. எங்கள் எல்லோருக்கும் உயிர் வந்தது. அவர் பாதியில் நிறுத்தி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"ஏலே, இதுக்குத் தலையக் கழத்தினது யாரு?"

நாங்கள் தரையைப் பார்த்தோம். எண்ணெய் போடக் கழற்றினோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அண்ணாச்சி சொல்லவில்லை.

"தப்பு எம்மேலதாம்மா. சரியில்லாத எடத்துல குடுத்துட்டேன். கழத்திட்டாவ. இன்னைக்குத்தான் திருப்பிக் கொண்டாந்தேன்," என்று கைகட்டி நின்றார். ஊரெல்லாம் போய் அத்தனை வீட்டையும் பரிசோதித்த மனிதர் அப்படி நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த அம்மாள் எழுந்திருக்கப் பிடிமானம் தேடிக் கையை நீட்டினார். கை அண்ணாச்சியின் தோளில் பட்டது. கிழிசலை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"இது என்னது?"

"தூக்கும்போது ஆணி இழுத்துட்டும்மா."

"கழத்து."

"வேண்டாம்மா, வீட்டுல..."

"சட்டையக் கழத்துலேங்கேன்."

அறுபது வயது மனிதர், நடுக்கடையில், ஆடிக்காற்றில், ஓட்டை பனியனோடு நின்றார். டீச்சர் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே துணியை ஒட்டிப் பிடித்து ஓட்டினார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "நல்லாத்தான் ஓடுது" என்றார். அண்ணாச்சி அழுதார். ஒளிக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

மிஷின் இப்போது டீச்சர் வீட்டில் தினமும் ஓடுகிறது. அண்ணாச்சி எந்த வீடு பார்க்கப் போனாலும் அந்தச் சட்டைதான். தோளில் தையல் கோணிக்கொண்டு வயல் வரப்பு மாதிரிப் போகும். நான் ஒரு புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தேன், மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்ததும், "சம்பந்தி வீட்டுல காபி உண்டா?" என்று கேட்பார். கேட்க வேண்டியதே இல்லை. தெருமுனையில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும்போதே என் மனைவி பாலை அடுப்பில் வைத்துவிடுகிறாள்.