ஒரே பிள்ளை வீட்டின் வேலைக்காரப் பெண்

மதிப்புக்குரிய அறக்கட்டளைச் செயலாளர் தினகரன் ஐயா அவர்களுக்கு, அயனம்பாக்கம் மோகனப்பிரியா வணங்கி எழுதுவது. இக்கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதீர்கள், முக்கியமாக என் அப்பாவிடம். இங்கு அனைவரும் நலம். அண்ணன் மிகவும் நலம்.

இளைஞர்களைப் படிக்கவைத்து ஒழுக்கமும் கற்றுத்தரும் உங்கள் அறக்கட்டளைதான் என் அண்ணன் விக்ரமுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறது. ஒரே பிள்ளை உள்ள வீட்டுக்கு முன்னுரிமை என்று யாரோ சொன்னதால் விண்ணப்பத்தில் அப்பா என்னை எழுதவில்லை. பொங்கலுக்கு முன் நீங்கள் வீட்டைப் பார்க்க வந்த அன்று என்னைப் பக்கத்து வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். காபி போட ஆளில்லை என்று அம்மா கூப்பிட்டுவிட்டார். "யாரும்மா இந்தப் பொண்ணு?" என்று கேட்டீர்கள். "ஊட்டு வேலைக்கு வர்ற பொண்ணு சார்" என்றார் அப்பா. உடனே அண்ணன், "தங்கச்சி, சாருக்குத் தண்ணி குடும்மா" என்றான். நான் பிறந்ததிலிருந்து அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. வேலைக்காரப் பெண்ணையும் தங்கையாகப் பார்க்கிறானே என்று நீங்கள் கண்கலங்கி, ஆண்டுவிழாவில் அவனுக்கு நற்பண்புப் பதக்கம் கொடுத்தீர்கள். அதைத் துடைத்து வைப்பதும் நான்தான். மாதாமாதம் நீங்கள் கேட்கும் ஒழுக்கக் கட்டுரைகளும் நான் எழுதுபவை. 'பெண்ணுக்குச் சம உரிமை' எழுதியபோது எனக்குக் காய்ச்சல். அண்ணன் படித்துக்கூடப் பார்க்கமாட்டான், கையெழுத்து மட்டும் போடுவான்.

அதையும் பொறுத்துக்கொண்டேன் ஐயா. ஆனால் வீட்டு வேலையால் விக்ரம் படிப்பு கெடக்கூடாது, அந்தப் பெண் நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கட்டும், அவள் சம்பளத்தை நாங்களே தருகிறோம் என்று எழுதிவிட்டீர்களே. "வர்ற துட்ட இன்னாத்துக்கு உடணும்? பத்தாவது முட்ச்சிட்டா இல்ல, போதும்" என்கிறார் அப்பா. "நம்ம ஊட்லயே வேல, பயமில்ல" என்கிறார் அம்மா. ப்ளஸ் ஒன் சேர்க்கைக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். அந்தச் சம்பளத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள். அண்ணன் படிப்பை நிறுத்திவிடாதீர்கள், அந்தப் பழியும் என் தலையில்தான் விழும். உங்கள் தொண்டு தழைக்கட்டும். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதுவதால் கையெழுத்து கோணல். இந்த மாதக் கட்டுரை 'நேர்மை'யை இன்னும் தொடவே

கதவைத் தட்டுகிறான். "ஏய், உள்ள இன்னாடி பண்ற? கட்டுரைய முட்ச்சிட்டியா? காலைல குடுக்கணும். கொண்டா, கையெழுத்து போட்டுட்டு தூங்கறேன்." ஐயா, நான் இதையே நீட்டிவிடுகிறேன், அவன்தான் படிக்கமாட்டானே

பின்குறிப்பு: மேலே உள்ளது முழுவதும் கற்பனை. எனக்குத் தங்கை கிடையாது. கட்டுரைத் தலைப்பு: நேர்மை.

இப்படிக்கு,
க. விக்ரம்