ஒப்பீட்டு ஞானியும் பாக்கி மொட்டையும்

திருவண்ணாமலையில் காவி கட்டிய ஞானிகளை உங்களுக்குத் தெரியும். காவி கட்டாத வகை ஒன்று உண்டு: இஸ்திரி போட்ட சட்டை, சாயம் பூசிச் சீவிய தலை, கையில் டீ கிளாஸ். ஒப்பீட்டு ஞானி என்று இவருக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். இவர் சாமி கும்பிடுகிறவரும் அல்ல, கும்பிடாதவரும் அல்ல. ஒரு மதத்தின் சாமியை இன்னொரு மதத்தில் வைத்துத் தேடுகிறவர்.

முருகவேல் சாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற அதிகாரி. செங்கம் சாலையில் ஜானி பாஷா டீக்கடை பெஞ்சில் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார். இந்த வருஷம் மழையில்லை என்று நீங்கள் வாய் தவறிச் சொன்னால் போதும். இந்துவுக்கு மழை தர இந்திரன் உண்டு, பௌத்தத்தில் அந்த இந்திரனும் ஒருநாள் செத்துப்போகிறவன்தான், உலகத்தைப் படைத்தவன் என்று ஒருவனைப் புத்தர் ஒப்புக்கொள்ளவே இல்லை, இங்கே அடிமுடி காணாத சோதி, அங்கே அணைந்துபோகிற விளக்கு என்று உங்கள் டீயில் ஆடை படியும்வரை இழுத்துக்கொண்டு போய், "ஆழமா பாத்தா ரெண்டும் ஒண்ணுதான், ஆனா ஒண்ணு இல்ல" என்று முடிப்பார். புரிந்ததா? புரியவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மறுபடி ஆரம்பிப்பார்.

புத்த மடத்தை விட்டுவிட்டுச் சிவனைத் தேடி விமானம் ஏறி வந்த ஒரு வெள்ளைக்காரரை, அரை நாள் பேசியே புத்தரிடம் திருப்பி அனுப்பியவர் இவர்.

"சார், சாமி இருக்குதா இல்லியான்னு அப்பால பேசலாம். கிளாஸக் குடுங்க, ஆளு நிக்குது" என்பார் ஜானி பாஷா.

ஆனால், மகள் கீதாஞ்சலிக்குப் பிரசவம் சிக்கலாகி டாக்டர் கையெழுத்துக் கேட்ட அன்று சாருக்கு ஒப்பீடெல்லாம் மறந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே தெரிந்த மலையைப் பார்த்து, "அண்ணாமலையாரே, ரெண்டு உசிரையும் குடுத்துடு, மொட்டை போட்டுக்கறேன்!" என்று எல்லோர் காதிலும் விழ அலறினார். புத்தர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு உயிரும் பிழைத்தன. மகளும் மருமகனும் கரும்புத் தொட்டிலில் பிள்ளையைச் சுமந்து மாட வீதி சுற்றித் தங்கள் வேண்டுதலை முடித்தார்கள். சாருடைய முடி மட்டும் இருந்த இடத்திலேயே, புதுச் சாயத்தோடு இருந்தது.

ஒருநாள் பிள்ளைக்குச் சுரம் வந்தது. சார் மனைவி சரோஜா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றார்.

"ஏங்க, நேர்ந்துக்கினத முடிச்சிடுங்க. கொழந்தைக்கு ஒடம்பு கொதிக்குது. எனக்கு பயமா இருக்குது."

"சரோஜா, சாமி கோவிச்சுக்கும்னு பயப்படறது இந்துப் பார்வையிலயே கீழ்ப்படி. பௌத்தத்துல வேண்டுதலக் கேக்கறதுக்கு ஆளே இல்ல. கேக்க ஆளே இல்லாதப்ப பாக்கி எங்க இருந்து வந்துது?"

பார்த்தீர்களா? வாங்கும்போது இந்து, கொடுக்கும்போது பௌத்தர். இவ்வளவு சௌகரியம் இருக்கும்போது யார்தான் ஒரே மதத்தில் இருப்பார்கள்?

சரோஜா விடவில்லை. "புத்தருகிட்ட போனவங்க தல எப்பிடி இருக்குது? மழுங்க வழிச்சிக்கினுதான இருக்கறாங்க? எந்தப் பக்கம் போனாலும் கத்திதான நிக்குது. கெளம்புங்க."

புத்தரின் மௌனத்தைப் பற்றி சார் எத்தனையோ நாள் பேசியிருக்கிறார். மௌனமாக இருந்து காட்டியது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை டீக்கடையில் அதே குரல்: "சமணத்துல கடவுளப் பத்தி இன்னா சொல்றாங்கன்னா..." சமணத் துறவிகள் தலைமுடியைக் கையாலேயே பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அவர் வீடு திரும்பியபோது சரோஜா மடியில் பேரப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார். இடுப்புவரை இருந்த முடி இல்லை. தலை முழுக்கச் சந்தனம். பிள்ளைக்குச் சுரம் விட்டிருந்தது. மருந்தாலா, மொட்டையாலா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த அம்மாவுக்கு நேரமில்லை.

சார் செருப்பைக் கழற்றினார். "பௌத்தத்துல பிக்குணிங்ககூட..." என்று ஆரம்பித்தார்.

"கை கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறிப்போவுது" என்றார் சரோஜா.

கேள்விப்பட்டபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நீங்கள் சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் கையை மெல்லத் தூக்கி உங்கள் தலையைத் தடவிப் பாருங்கள். முடி பத்திரமாக இருக்கிறதா? அப்படியானால் வீட்டில் மற்றவர்கள் தலையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.