வண்டி நின்றால் பாப்பா எழுந்துவிடுவாள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை, ஓடிக்கொண்டிருக்கும் காரின் பின்சீட்டிலிருந்து எழுதுவது. இங்கே மூவரும் சுகம். ஒருத்தி தூங்குகிறாள், ஒருவர் ஓட்டுகிறார், ஒருத்தி பயந்துகொண்டிருக்கிறாள். அங்கே நீயும் அண்ணியும், உன் கிளினிக்கில் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும் அத்தனை பேரும் நலமாக இருக்க வேண்டும். "சம்மதமா, இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு" என்று நீ கேட்டு மூன்று வாரம் ஆகிறது. ஒரே வார்த்தையில் சொல்ல முடியாததால் தாமதம். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதற்கு நூலகத்து வாசலில் இருக்கும் வேகத்தடைதான் பொறுப்பு. ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். பேசினால் பாப்பா எழுந்துவிடுவாள். மெசேஜ் அனுப்பினாலோ, நீ ஒரு வரி விடாமல் உன் மாப்பிள்ளைக்குத் திருப்பி அனுப்பிவிடுவாய். போன தடவை "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்று நான் எழுதியிருந்த வரியையும் சேர்த்தல்லவா அனுப்பி வைத்தாய்?

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று கண்டம், பதினாறு நாடு, நூற்றுப் பன்னிரண்டு நாள் என்று நீங்கள் இரண்டு பேரும் திட்டம் போடுகிறீர்களே, அந்தக் கார் ராலிக்கு நீ வர முடியாது என்று சொல்லிவிட வேண்டும். நான் சொல்லச் சொன்னதாகத் தெரியக் கூடாது. ஓட்ட ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து வழிப் புத்தகத்தை வாசித்துச் சொல்ல ஒருவர், இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் வண்டிக்கு அனுமதி. நீ பின்வாங்கினால் அவருக்கு வேறு ஆள் கிடையாது. அவரோடு லிப்ட் ரிப்பேர் பார்ப்பவர்கள் எல்லோரையும் கேட்டுப் பார்த்தாயிற்று; கேட்ட மறுநாளிலிருந்து அவர்கள் இவரைப் பார்த்தாலே படிக்கட்டில் இறங்கிப் போகிறார்களாம்.

இந்தக் கூத்து எங்கே ஆரம்பித்தது என்று உனக்கே தெரியும். பாப்பா பிறந்ததிலிருந்து ஓடும் வண்டியில்தான் தூங்குவாள். தொட்டில், தோள், மடி, பாட்டு, நீ வாங்கித் தந்த ஆடும் நாற்காலி, எதுவும் எடுபடவில்லை. அதனால் தினமும் மதியம் ஒரு மணிக்கு உன் மாப்பிள்ளை எந்தக் கட்டடத்தில் எந்த லிப்டில் வேலை செய்துகொண்டிருந்தாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர்களை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, ஓடி வருவார். வீடு, நூலகம், ஆஸ்பத்திரியின் பின்வாசல், ரவுண்டானா, மறுபடி வீடு. நாற்பது விநாடிக்கு மேல் வண்டி நின்றால் பாப்பா கண்ணைத் திறந்துவிடுவாள் என்பதால், எந்தச் சிவப்பு விளக்கு எத்தனை விநாடி எரியும் என்பது அவருக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரி விளக்கு ஐம்பத்தைந்து விநாடி. அங்கே மட்டும் வண்டியை முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி என்று ஆட்டிக்கொண்டே இருப்பார், பின்னால் நிற்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்கு எல்லோரும் பொம்மை கொண்டு வந்தார்கள், நீ உலக வரைபடம் கொண்டு வந்தாய். அன்றைக்கென்று பார்த்து அவர் வண்டியின் மீட்டரைக் கணக்குப் போட்டு, "பதினோராயிரம் கிலோமீட்டர் மச்சான்! இந்த நாலு தெருவுக்குள்ளயே ஒரு கண்டத்தைத் தாண்டிட்டேன்!" என்றார். "அப்ப மீதி ரெண்டையும் தாண்டிட வேண்டியதுதானே மாப்ள?" என்றாய் நீ. ஒரு பல் டாக்டர் வாயில் வருகிற பேச்சா அது? அன்று சாயங்காலம் நான் பிடித்து உலுக்கியபோது அவர் சொன்னார்: "பதினோரு வருஷமா மேலயும் கீழயுமாவே போயிட்டு வரேன். ஒரே ஒரு தடவ நேரா போய்ப் பாக்கறேனே." சண்டை போடலாம் என்றுதான் இருந்தேன். அவர் சொன்னதில் எங்கே தப்பு கண்டுபிடிப்பது?

ஆனால் ஏற்பாடுகளின் லட்சணத்தைக் கேள். உன் வரைபடத்தை ஒட்ட வேறு சுவரே கிடைக்காமல் அடுப்புக்கு மேலே ஒட்டினார். போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் போனில் அரை மணி நேரம் பேசி, பாலைவனத்தின் நடுவே ஒரு பெரிய ஏரி இருக்கிறது, அந்தக் கரையில்தான் எட்டாம் நாள் இரவு கூடாரம் என்று முடிவு செய்தீர்கள். மீன் பிடிக்கத் தூண்டில்கூட எழுதி வைத்திருக்கிறார். அண்ணா, அது ஏரி இல்லை. நான் முட்டை பொரித்தபோது தெறித்த எண்ணெய். அடுத்தது எல்லைச் சாவடி ஒத்திகை. எங்கள் குடியிருப்பு வாசலில் காவல்காரரை அதிகாரியாக நிற்க வைத்து, "உண்மையான ஆபீசர் மாதிரியே கேளுங்க, தயவு தாட்சண்யம் பாக்காதீங்க" என்றார். அவரும் பார்க்கவில்லை. கண்ணாடியில் ஒட்டிய குடியிருப்பு ஸ்டிக்கர் போன மாதமே காலாவதியாகிவிட்டது என்று வண்டியை உள்ளே விட மறுத்துவிட்டார். "நாந்தாங்க, முதல் மாடி!" "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க." ஒன்றே கால் மணி நேரம் வெயிலில் நின்றார். சொந்த வீட்டு வாசலையே தாண்ட முடியாதவர் பதினாறு எல்லைகளைத் தாண்டப் போகிறார்.

உன்னை மட்டும் விட்டுவிடுவேனா? அணைக்கட்டு வரை ஒத்திகை ஓட்டம் போய்விட்டு வந்து, "வழிப் புத்தகத்துல ரெண்டாம் பக்கம் திருப்பறதுக்குள்ள மச்சான் பேச்சையே நிறுத்திட்டாரு. கண்ணை மூடிக்கிட்டு அப்படியே காத்தை ரசிக்கிறாரு" என்று உன் மாப்பிள்ளை மெச்சிக்கொண்டார். எந்தக் காற்று என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட பஸ்ஸில் மூன்றாவது வளைவில் என் சாப்பாட்டு டப்பாவைக் கேட்டு வாங்கினாயே, எதற்கு வாங்கினாய் என்பதை இருபத்து மூன்று வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. ஓடும் வண்டியில் ஒரு பக்கம் படித்தால் உனக்கு வயிற்றில் இருப்பதெல்லாம் வாய்க்கு வந்துவிடும். நூற்றுப் பன்னிரண்டு நாளுக்கு எத்தனை டப்பா எடுத்துப் போவாய்?

நானும் சும்மா இருக்கவில்லை. என் பேரில் ராலி அலுவலகத்துக்கு நாற்பத்து மூன்று கேள்விகள் எழுதி அனுப்பினேன், இப்படிப்பட்ட குடும்பமே வேண்டாம் என்று அவர்களே விண்ணப்பத்தைத் தூக்கி எறியட்டும் என்று. ஏழாவது கேள்வி: என் கணவருக்குத் தும்மல் வந்தால் தொடர்ந்து பதினொன்று வரும், அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கை யார் பிடிப்பது? பத்தொன்பதாவது: மலைப்பாதையில் தடுப்புச் சுவர் உண்டா, எவ்வளவு உயரம், அளந்து பார்த்தவர் யார்? நாற்பத்து மூன்றாவதைக் குத்தலாகவே கேட்டேன்: எங்கள் குழந்தை ஓடும் வண்டியில்தான் தூங்கும், அப்பா வண்டியோடு போய்விட்டால் அவள் நூற்றுப் பன்னிரண்டு நாளும் விழித்திருக்க வேண்டுமா, இல்லை அவளையும் உங்கள் ராலியில் சேர்த்துக்கொள்ளப் போகிறீர்களா? இன்று காலை பதில் வந்தது. கடைசியில் எல்லாம் என் தலையில்தான் விடிந்தது. இத்தனை வருடத்தில் இவ்வளவு பொறுப்பாகத் தயாராகும் ஒரு வண்டியைப் பார்த்ததே இல்லையாம். என் கேள்விகளை அச்சிட்டு எல்லோருக்கும் கொடுக்கப் போகிறார்களாம். சுவரை அளக்க ஆள் அனுப்பிவிட்டார்களாம். நானூறு விண்ணப்பத்தில் அறுபது வண்டிக்குத்தான் இடம், முதல் இடம் எங்களுக்கு! வெள்ளிக்கிழமைக்குள் இருவர் கையெழுத்து வேண்டும். முதல் பக்கத்தோடு நிறுத்தி, மடித்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டேன், அடுத்த பக்கத்தைப் படிக்கத் தைரியம் வரவில்லை. முன்சீட்டில் சத்தம் வராமல் விசிலடித்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு இன்னும் தெரியாது.

இப்போதுதான் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கிசுகிசுத்தார்.

"என்ன எழுதற?"

"மளிகை லிஸ்ட்."

"அஞ்சு பக்கமா?"

"நாளைக்கும் சேத்து."

சிரிக்காதே அண்ணா. பாலைவனம், பள்ளத்தாக்கு எல்லாவற்றுக்கும் பயந்து முடித்துவிட்டேன். மிச்சம் ஒரே பயம்தான். மூன்றரை மாதம் கழித்து அவர் வாசலில் வந்து நிற்கும்போது, பாப்பா யாரோ என்று நினைத்து என் பின்னால் ஒளிந்துகொண்டால்? பதினாறு எல்லை தாண்டி வந்த மனுஷனுக்கு அந்த வாசலைத் தாண்டத் தெரியுமா? "போகாதீங்க" என்று நானே சொல்லலாம். சொன்னால் போக மாட்டார். வரைபடத்தைக் கழற்றி வைத்துவிட்டு நாளைக்கு லிப்டுக்குள் ஏறிவிடுவார். அதனால்தான் சொல்ல முடியவில்லை. அதனால்தான் நீ சொல்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். நீ நூறு வருடம் ஆடாத அசையாத நாற்காலியில் உட்கார்ந்து நிறைவாக வாழ வேண்டும்.

உன் பிரியமுள்ள,
தங்கை

பி.கு.: பெட்ரோல் பங்கில் நின்றோம், பாப்பா எழுந்துவிட்டாள். அவளை மடியில் வைத்துக்கொண்டு அந்த இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். நாற்பத்து மூன்றாவது கேள்விக்குப் பதில், "தாராளமாக." குடும்ப வண்டிகளுக்கென்று மெதுவாகப் போகும் தனிப் பிரிவு இருக்கிறதாம்; இரண்டு வயது நிறைந்த குழந்தை அப்பா அம்மாவோடு வரலாம், கூடவே குழந்தை டாக்டரின் வண்டி வரும். ராலி கிளம்பும்போது பாப்பாவுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். ராலி அலுவலகத்தின் கடிதத்தை அவரிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். பிறகு, "ரவுண்டானாவ ஆறு தடவ சுத்தினேன், நீ குனிஞ்ச தலை நிமிராம எழுதிட்டே வந்த. உனக்குத் தலையே சுத்தலயா?" என்று கேட்டார். ஓடும் வண்டியில் எத்தனை பக்கம் வாசித்தாலும் எழுதினாலும் எனக்கு ஒன்றும் ஆகாது என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆக, நீ வர முடியாது என்றுதான் சொல்ல வேண்டும், அதில் மாற்றம் இல்லை. அந்த சீட்டில் ஆள் இருக்கிறது. டப்பா விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள், காரணம் கேட்டால் என்ன சொல்வது? கையெழுத்துப் போட்டாயிற்று, வேகத்தடை மேல் போட்டதால் கொஞ்சம் கோணல். பாப்பாவின் அடுத்த பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. எண்ணெய் படாத வரைபடம் ஒன்று போதும்.