பதினைந்தாயிரம் ஹெர்ட்ஸ்

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒட்டடை அடிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். தலையே போனாலும் சரி. இறகுப்பந்து அரையிறுதி, இரட்டையர் ஆட்டம். எங்கள் தெரு அணி இவ்வளவு தூரம் வந்ததே உலக அதிசயம். நான் போகாவிட்டால் ஆடாமலே தோல்வி. எங்கள் முறை வந்ததும் மைதானத்திலிருந்து போனில் கூப்பிடுவார்கள்.

ஆனால் ஞாயிறு காலையில் என் போன் ஃபிரிட்ஜ் மேல்தான் இருக்க வேண்டும். வீட்டம்மா சட்டம். மணி அடித்தால் அவளே எடுப்பாள். "அவர் வேலையா இருக்காருங்க" என்பாள். கதை முடிந்தது.

என் ஜோடி ஆட்டக்காரர் பக்கத்து வீட்டு மைக்செட்காரர். அவர்தான் வழி சொன்னார்.

"அண்ணே, ஹெர்ட்ஸ்னா என்னன்னு தெரியுமா?"

"ஸ்கூல்ல அதுக்காக அடி வாங்கியிருக்கேன். அடிதான் ஞாபகம் இருக்கு."

"ஒரு நொடிக்கு எத்தனை தடவை ஆடுதுங்கிற கணக்கு. ஒரு தடவை ஆடினா ஒரு ஹெர்ட்ஸ்."

"நான் வெளிய போகட்டுமான்னு கேட்டா உன் அண்ணி நொடிக்கு ரெண்டு தடவை தலையை ஆட்டுவா. அது ரெண்டு ஹெர்ட்ஸா?"

"கரெக்ட்ணே! காத்து அப்படி வேகமா ஆடினாத்தான் சத்தம். வேகம் ஏற ஏற கீச்சுக்குரல். பதினஞ்சாயிரத்துக்குப் போனா வயசாகி காது மந்தமானவங்களுக்குக் கேக்காது. அதையே ரிங்டோனா வெச்சிடுவோம்."

துள்ளிக் குதித்தேன். காது மந்தம் யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அவள் காதில் விழாது. அவள் அடுப்படியில் முணுமுணுத்தால் எனக்கு வாசலில் வியர்க்கும்.

என் போனில் அதை ஏற்றி அழுத்தினார். "கேக்குதாண்ணே?"

ஒன்றும் கேட்கவில்லை. சொன்னால் கிழவன் என்று முடிவு கட்டிவிடுவாரே!

"கணீர்னு கேக்குது. உனக்கு?"

"எனக்குக் கேக்காமலா?" என்றார், வேறு எங்கோ பார்த்தபடி.

ஞாயிறு வந்தது. பரண்மேல் உட்கார்ந்து ஒட்டடை அடித்தேன். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். போன் மூச்சுவிடவில்லை. திடீரென்று அவள் பரணிலிருந்து ஏணியை எடுத்து எதிர்ச் சுவரில் சாய்த்தாள்.

"ஒரு வேலையா போறேன். அதுவரைக்கும் மூலையெல்லாம் நல்லா துடைங்க."

போனவள் மத்தியானம்தான் வந்தாள். முகமெல்லாம் வியர்வை. கையில் என் மட்டை! பின்னாடியே மைக்செட்காரர், வாயெல்லாம் பல்.

"ஜெயிச்சிட்டோம்!" என்றாள்.

"யாரு?"

"நானும் அவரும்தான். போன் கீச்சுகீச்சுன்னு காதைக் கிழிக்குது, நீங்க பாட்டுக்கு ஒட்டடை அடிக்கிறீங்க. நான்தான் எடுத்தேன். ஆள் வரலைன்னா தோல்வியாம், தெருவில யார் ஆடினாலும் சரிதானாம். மனசு கேக்கல, போயிட்டேன்."

"உனக்கு ஆடத் தெரியுமா?"

"காலேஜ்ல நான்தான் சாம்பியன். கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன். உங்க காதுல விழுந்தாத்தானே?"

"அண்ணி அடிச்ச அடியில எதிராளிங்க பந்தையே பாக்கலண்ணே!" என்றார் அந்தத் துரோகி.

வயிறு எரிந்தது. ஆனால் அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! பொய் சொல்வானேன், சந்தோஷமாகவும் இருந்தது.

"ஃபைனலுக்கு நானும் வரட்டுமா?" என்று பரண்மேலிருந்து கேட்டேன்.

"தாராளமா வாங்க" என்றாள். "தண்ணி பாட்டில் தூக்க ஆள் வேணும்."